மூட்போர்ட்ல இருக்கிற படம் யாரோடது?

(எபிசோடில் பேசியது. படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டுள்ளது.)

இந்த வாரம் கொஞ்சம் வேற ஏரியாவுக்குப் போகலாம். கோடு, ஸ்டார்ட்அப், அப்ரைசல் எல்லாத்தையும் ஓரமா வச்சிட்டு விளம்பரத்தைப் பத்திப் பேசப் போறோம். சரியா சொல்லணும்னா, விளம்பரம் எடுக்கிறவங்க யாரைப் பார்த்து எடுக்கிறாங்கங்கிறதைப் பத்தி.

ஒரு ஏஜென்சில புது கேம்பெயின் ஆரம்பிச்சா முதல்ல தயாராகிற விஷயங்கள்ல ஒண்ணு மூட்போர்ட். நெட்ல, புத்தகத்துல, எக்ஸிபிஷன்ல பார்த்த படங்களை எல்லாம் ஒரே பலகையில ஒட்டி, "நம்ம விளம்பரம் இந்த ஃபீல்ல இருக்கும்"னு கிளையன்ட்டுக்குக் காட்டுவாங்க. அந்தப் படங்களுக்கு அவங்க பாஷையில "ரெஃபரன்ஸ்"னு பேரு. அதுல போட்டோகிராஃபர்களோட படங்கள் இருக்கும், வீடியோ ஆர்ட்டிஸ்ட்களோட ஃப்ரேம்கள் இருக்கும். பல சமயம் அதை எடுத்தது யாருன்னு மட்டும் கீழ இருக்காது.

இதை நான் குறையா சொல்லல. எல்லாரும் எதையாவது பார்த்துத்தான் கத்துக்கிறோம். ஆனா "இன்ஸ்பிரேஷன்"ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள ரொம்ப வித்தியாசமான விஷயங்கள் ஒளிஞ்சிருக்கு. ஒருத்தர் கிட்ட கேட்டு வாங்கினதும் இன்ஸ்பிரேஷன்தான். கேட்டு, அவர் "முடியாது"ன்னு சொன்ன பிறகும் செஞ்சதும் இன்ஸ்பிரேஷன்தான். அதனால இன்னைக்கு சில நிஜக் கதைகளை வரிசையா பார்ப்போம். ஒவ்வொண்ணுலயும் மூணு கேள்வி: என்ன எடுத்தாங்க? கேட்டாங்களா? பேர் போட்டாங்களா?

ஒரு குப்பைப் பையும் ஒரு ஹோண்டா காரும்

ஸ்விட்சர்லாந்தோட ஜூரிச் நகரத்துல பீட்டர் ஃபிஷ்லி, டேவிட் வைஸ்னு ரெண்டு ஆர்ட்டிஸ்ட்கள். சேர்ந்தே வேலை செஞ்சவங்க. 1980கள்ல இவங்க ஒரு போட்டோ வரிசை எடுத்தாங்க. சமையலறையில கிடக்கிற கேரட், துருவி, பாட்டில், வீட்டு நாற்காலி, இதையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு பேலன்ஸ் பண்ணி நிறுத்தி, அது சரிஞ்சு விழறதுக்கு முன்னாடி க்ளிக் பண்ணிடுவாங்க. அவ்வளவுதான். பார்த்தா சிரிப்பு வரும், கூடவே "ஐயோ விழப்போகுதே"ன்னு ஒரு பதட்டமும் வரும்.

அதுக்கப்புறம் அவங்களுக்கு வந்த யோசனை: சரி, விழட்டுமே! விழறதையே படமா எடுத்தா என்ன?

அப்படி வந்ததுதான் 1987ல வெளியான 'டேர் லாஃப் டேர் டிங்கே'. தமிழ்ல 'பொருட்கள் போகிற போக்கு'ன்னு வச்சுக்கலாம். கிட்டத்தட்ட 30 நிமிஷம். வசனம் கிடையாது, திரையில மனுஷங்க கிடையாது. ஒரு கிடங்கு. மேல ஒரு குப்பைப் பை தொங்கிச் சுத்திக்கிட்டே இருக்கு. சுத்தச் சுத்த கொஞ்சம் கொஞ்சமா இறங்கி, கீழ நிக்கிற டயரைத் தொடுது. டயர் உருண்டு அடுத்த பொருளை இடிக்குது. அது இன்னொண்ணை. பலகை சாயுது, தண்ணி கொட்டுது, தீப்பிடிக்குது, நுரை பொங்குது, பழைய ஷூ தானா நடக்குது. சில இடத்துல எல்லாம் நின்னே போயிட்ட மாதிரி தோணும். நாம மூச்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருப்போம். மெதுவா ஒரு திரவம் வழிஞ்சு வந்து அடுத்ததைத் தொட்டதும் "அப்பாடா". அந்த வருஷம் ஜெர்மனியில காஸல் நகரத்துல நடந்த டாக்குமென்டா கண்காட்சியில காட்டினாங்க. அதுல இருந்து உலகம் முழுக்க மியூசியம் மியூசியமா ஓடிட்டு இருக்கு.

இப்போ 16 வருஷம் தள்ளி வாங்க. 2003 ஏப்ரல், பிரிட்டன். டிவில பிரேசில் ஃபார்முலா ஒன் ரேஸ் ஓடிட்டு இருக்கு. இடைவேளையில முழுசா 2 நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம். ஹோண்டா அக்கார்ட் காரோடது. பேரு 'காக்'. வைடன் ப்ளஸ் கென்னடி ஏஜென்சியோட லண்டன் ஆஃபீஸ் செஞ்சது. டைரக்டர் அன்டுவான் பார்டூ-ஜாக்கே. ஒரு சின்னப் பல்சக்கரம் உருண்டு போய் அடுத்த பாகத்தை இடிக்குது. கார் பாகங்கள் ஒண்ணை ஒண்ணு தட்டிவிட்டுக்கிட்டே போகுது. வைப்பர்கள் தரையில தவழ்ந்து போகுது. டயர்கள் மேட்டுல தானா ஏறுது, உள்ள எடை வச்சிருக்காங்க. கடைசியில ஒரு முழு கார் இறங்கி வந்து நிக்குது. கிராஃபிக்ஸை நம்பாம, நூத்துக்கணக்கான டேக் எடுத்து, ரெண்டு நீளமான ஷாட்டை ஒண்ணா இணைச்சாங்க. விளம்பர உலகமே கொண்டாடிச்சு, விருதுகள் குவிஞ்சுது.

ஃபிஷ்லி-வைஸ் படத்துலயும் டயர் மேட்டுல ஏறும். எடை வச்சுத்தான்.

விளம்பரம் செஞ்சவங்க அந்தப் படத்தைப் பார்த்ததை மறைக்கல. ஆனா இந்த ரெண்டு ஆர்ட்டிஸ்ட்கள் கிட்ட அதுக்கு முன்னாடியே பல கம்பெனிகள் வந்து "விளம்பரத்துக்கு உங்க படத்தைக் கொடுங்க"ன்னு கேட்டிருக்காங்க, இவங்க ஒவ்வொரு தடவையும் மறுத்திருக்காங்க. ஹோண்டா விளம்பரம் வந்ததும் இவங்களுக்குக் கடிதமா வர ஆரம்பிச்சுது. "ஓ, ஐடியாவை ஹோண்டாவுக்கு வித்துட்டீங்களா?"ன்னு. அதுதான் அவங்களை ரொம்ப உறுத்துச்சு. வழக்கு போடுறதைப் பத்திக்கூட பேசினாங்க.

பணம் வரலைங்கிறது ஒரு பிரச்சனைதான். அதைவிட, நீங்க வருஷக்கணக்கா "மாட்டேன்"னு சொல்லிக் காப்பாத்தின ஒரு விஷயத்தை, நீங்க "சரி"ன்னு சொல்லிட்டதா ஊரே நம்புது. உங்க "மாட்டேன்" செல்லாம போயிடுச்சு.

இன்னொரு விஷயம். ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்க. ஃபிஷ்லி-வைஸ் படம் எந்த நிமிஷமும் சொதப்பப் போற உலகத்தைக் காட்டுது. அழுக்கு, கசிவு, புகை, தள்ளாட்டம். ஹோண்டா விளம்பரம் சொல்றது நேர் எதிர்: எங்க காருல எதுவும் சொதப்பாது, எல்லாம் கச்சிதமா வேலை செய்யும். அதே அமைப்பு, அர்த்தம் மட்டும் தலைகீழ். விளம்பரமா அது அருமையான வேலைதான், நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். ஆனா முதல் படம் எதைப் பத்திப் பேசுச்சோ அதைக் கழட்டி வெளிய வச்சிட்டு, ஓடுற மெஷினை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டாங்க.

கையில ஒரு பேப்பர்

அடுத்தது ஒரு போட்டோகிராஃபி கதை. சின்னதுதான், ஆனா இன்ஸ்டாகிராம்ல இருக்கிற எல்லாருக்கும் உடனே புரியும்.

1990களோட ஆரம்பத்துல ஜில்லியன் வேரிங்னு ஒரு பிரிட்டிஷ் ஆர்ட்டிஸ்ட் லண்டன் தெருக்கள்ல முன்பின் தெரியாதவங்களை நிறுத்தி, ஒரு வெள்ளைப் பேப்பரும் பேனாவும் கொடுத்து, "இப்போ மனசுல என்ன இருக்கோ எழுதுங்க"ன்னு கேட்டாங்க. எழுதினதைக் கையில பிடிச்சு நிக்கச் சொல்லி படம் எடுத்தாங்க. இப்படி நூத்துக்கணக்கான படங்கள். ரொம்பப் பிரபலமான படத்துல கோட்டு சூட்டு போட்ட ஒரு இளைஞர், முகத்துல லேசான சிரிப்பு. கையில இருக்கிற பேப்பர்ல, தான் தவிச்சுக்கிட்டு இருக்கிறதா ரெண்டே வார்த்தை எழுதியிருக்கார். அந்தச் சிரிப்பையும் அந்த வார்த்தையையும் சேர்த்துப் பார்க்கும்போது மனசு ஒரு மாதிரி ஆயிடும்.

அந்த வரிசையோட தலைப்பே ரொம்ப நீளம். அதோட சாரம்: இது நீங்க சொல்ல நினைக்கிறதைச் சொல்ற அட்டை, வேற யாரோ உங்களைச் சொல்ல வைக்கிறதை இல்லை.

அதே பத்தாண்டோட கடைசியில ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காருக்கு பிரிட்டன்ல ஒரு விளம்பரம் வந்துச்சு. ஆட்கள் தங்களைப் பத்தின உள்மன விஷயத்தை எழுதின அட்டையைப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க. வேரிங் இதைப் பகிரங்கமா எதிர்த்தாங்க. தலைப்பை நினைச்சுப் பாருங்க. "வேற யாரோ சொல்ல வைக்கிறதை இல்லை"ங்கிறதுதான் அந்த வேலையோட உயிர். விளம்பரத்துல அந்த அட்டையில இருக்கிறது காப்பிரைட்டர் எழுதிக் கொடுத்த வரி.

"முடியாது"ன்னு சொன்ன பிறகு

இப்போ கொஞ்சம் சிக்கலான கேஸுக்கு வருவோம், ஏன்னா இதுல யார் பக்கம் நிக்கிறதுன்னு முடிவெடுக்கிறது கஷ்டம்.

கிறிஸ்டியன் மார்க்லே, ஸ்விஸ்-அமெரிக்க ஆர்ட்டிஸ்ட். 1995ல 'டெலிஃபோன்ஸ்'னு ஏழரை நிமிஷ வீடியோ ஒண்ணு பண்ணாரு. பழைய ஹாலிவுட் படங்கள்ல ஃபோன் வர்ற காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டினது. ஒரு படத்துல ஒருத்தர் டயல் பண்றாரு. இன்னொரு படத்துல மணி அடிக்குது. மூணாவது படத்துல யாரோ ரிசீவரை எடுக்கிறாங்க. அப்புறம் வரிசையா எல்லாரும் "ஹலோ". சம்பந்தமே இல்லாத நடிகர்கள் பல வருஷ இடைவெளியைத் தாண்டி ஒருத்தர் கூட ஒருத்தர் பேசுற மாதிரி இருக்கும்.

2007 ஜனவரியில ஆப்பிள் ஐஃபோனை அறிவிச்சாங்க, ஞாபகம் இருக்கா? அடுத்த மாசம் ஆஸ்கர் நிகழ்ச்சி நடுவுல அதோட முதல் டிவி விளம்பரம். 30 நொடி. பழைய படங்கள்ல இருந்து, புதுப் படங்கள்ல இருந்து நட்சத்திரங்கள் ஃபோனை எடுத்து "ஹலோ", "ஹலோ", "ஹலோ". கடைசியில ஒரு ஐஃபோன் திரை.

மார்க்லே பின்னாடி சொன்னபடி, ஆப்பிள் முதல்ல அவர்கிட்ட வந்து 'டெலிஃபோன்ஸை' விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமான்னு கேட்டிருக்காங்க. அவர் மறுத்துட்டாரு. அதுக்கப்புறம் அவங்களே ஒண்ணு செஞ்சுக்கிட்டாங்க.

எஞ்சினியர்களுக்கு இந்த இடத்துல ஒரு விஷயம் ஞாபகம் வரும்: க்ளீன் ரூம். 1980களோட ஆரம்பத்துல ஐபிஎம் பிசியோட பயாஸ் கோடு காப்பிரைட்ல இருந்துச்சு. காம்பேக் கம்பெனி என்ன பண்ணாங்கன்னா, ஒரு டீம் அந்தக் கோடைப் படிச்சு அது என்னென்ன செய்யுதுன்னு மட்டும் எழுதிக் கொடுத்துச்சு. கோடைப் பார்க்கவே பார்க்காத இன்னொரு டீம், அந்தக் குறிப்பை வச்சு புதுசா எழுதுச்சு. ஒரு வரிகூட காப்பி இல்லை, வேலை மட்டும் அதே வேலை. ஐஃபோன் விளம்பரமும் கிட்டத்தட்ட அப்படித்தான். மார்க்லே வீடியோவையே எடுத்துப் போடல. 'ஃபோன் காட்சிகளைக் கோர்க்கிறது'ங்கிற ஐடியாவை எடுத்து, தாங்களே புதுசா தொகுத்துக்கிட்டாங்க.

மார்க்லே வழக்குக்குப் போகல. போயிருந்தா எதிர்த்தரப்பு முதல்ல கேட்டிருக்கக்கூடிய கேள்வி என்னன்னு நமக்கே தெரியும்: "ஐயா, அந்த ஹாலிவுட் காட்சிகளை நீங்க யார்கிட்ட கேட்டு எடுத்தீங்க?" அவரோட கலையே அடுத்தவங்க படத்துல இருந்து வெட்டி எடுக்கிறதுதான். பின்னாடி அதே முறையில 24 மணி நேரம் ஓடுற 'தி க்ளாக்'னு ஒரு வீடியோவை 2010ல பண்ணாரு. ஆயிரக்கணக்கான படக் காட்சிகள்ல வர்ற கடிகாரங்களைக் கோர்த்தது. திரையில தெரியுற நேரமும் உங்க கைக்கடிகார நேரமும் ஒண்ணா இருக்கும். அடுத்த வருஷம் வெனிஸ் பினாலேல தங்கச் சிங்கம் விருது அதுக்குக் கிடைச்சுது.

அப்போ ஆப்பிள் செஞ்சது சரிதானா? என்னோட கருத்து: சட்டப்படி பிரச்சனை இல்லாம இருக்கலாம். ஆனா கேட்டதே ஒரு ஒப்புதல்தான். "இது உங்களோடது"ன்னு ஒத்துக்கிட்டதாலதான் போய்க் கேட்டாங்க. "முடியாது"ன்னதும் "இது யாருக்கும் சொந்தமில்லாத ஐடியா"ன்னு பேச்சு மாறினா, முதல்ல கேட்டதுக்கு என்ன மரியாதை? பதில் எதுவா இருந்தாலும் செய்யறதுன்னு முடிவு பண்ணிட்டா, அதைக் கேள்வின்னே சொல்ல முடியாது.

கௌபாய் சுத்தி வந்த கதை

இதுவரைக்கும் விளம்பரக்காரங்க ஆர்ட்டிஸ்ட் கிட்ட இருந்து எடுத்த கதைகள். எதிர்த் திசையிலயும் நடக்கும். ஒரே படத்துல ரெண்டு திசையும் நடந்த கதை மார்ல்பரோ கௌபாய்.

1949ல லைஃப் பத்திரிகைக்காக லெனர்ட் மெக்கோம்ப்னு ஒரு போட்டோகிராஃபர் டெக்ஸஸுக்குப் போய், ஒரு பண்ணையில மாடு மேய்க்கிற நிஜ கௌபாய்களோட வாழ்க்கையை எடுத்தாரு. அதுல க்ளாரன்ஸ் ஹெய்லி லாங்குங்கிற ஃபோர்மேனோட முகம் பத்திரிகை அட்டையிலயே வந்துச்சு. வெயில்ல காய்ஞ்ச முகம், தொப்பி, வாயில சிகரெட்.

அப்போ மார்ல்பரோங்கிறது பெண்களுக்கான சிகரெட்டா விக்கப்பட்ட பிராண்ட். 1950களோட நடுவுல அதை ஆண்கள் பக்கம் திருப்பற வேலை சிகாகோவைச் சேர்ந்த லியோ பர்னெட் ஏஜென்சிக்கு வந்துச்சு. அவங்க உருவாக்கின மார்ல்பரோ மேனுக்கு லைஃப்ல வந்த அந்தக் கௌபாய் படங்கள்தான் தூண்டுதல்னு விளம்பர வரலாற்றுல சொல்வாங்க. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ஜிம் க்ரான்ட்ஸ், சாம் ஏபெல் மாதிரி கைதேர்ந்த போட்டோகிராஃபர்கள் இந்த விளம்பரங்களுக்காகக் குதிரை, தூசி, மாலை வெயில்னு எடுத்துத் தள்ளினாங்க. விளம்பரத்துல போட்டோகிராஃபர் பேர் வராது. பிராண்ட் பேர் மட்டும்தான்.

இப்போ பாருங்க. 1970கள்ல நியூயார்க்ல ரிச்சர்ட் பிரின்ஸ்னு ஒரு இளைஞர், டைம்-லைஃப் கம்பெனியில பத்திரிகைகள்ல இருந்து கட்டுரைப் பக்கங்களைக் கிழிச்சுக் கொடுக்கிற வேலை பார்த்துட்டு இருந்தாரு. ஆமா, அந்த லைஃப் பத்திரிகையை நடத்தின அதே கம்பெனி. கட்டுரையைக் கிழிச்ச பிறகு கையில மிஞ்சுறது விளம்பரப் பக்கம். அவர் அதைக் கேமராவால திரும்பப் படம் எடுக்க ஆரம்பிச்சாரு. 1980ல இருந்து மார்ல்பரோ கௌபாய்கள். எழுத்தை எல்லாம் விட்டுட்டு, படத்தை மட்டும் பெருசாக்கி, தன் பேர்ல சுவத்துல மாட்டினாரு.

2005ல அதுல ஒரு படம் கிறிஸ்டீஸ் ஏலத்துல 12 லட்சம் டாலருக்கு மேல போச்சு. ஏலத்துல பத்து லட்சம் டாலரைத் தாண்டின முதல் போட்டோன்னு பேசப்பட்டது அதுதான். 2007ல நியூயார்க் குகன்ஹைம் மியூசியத்துல பிரின்ஸோட பெரிய கண்காட்சி. அதுக்கான விளம்பரப் படத்தைப் பார்த்த ஜிம் க்ரான்ட்ஸுக்கு ஒரே குழப்பம். அது அவர் எடுத்த படம். அப்போ அவர் பத்திரிகைக்குச் சொன்னதோட சாரம்: பழிவாங்கணும்னு இல்லை, கொஞ்சம் அங்கீகாரம் வேணும்.

பிரின்ஸ் பக்கமும் நியாயம் இருக்கு. "அமெரிக்கா தன்னைப் பத்தி நினைக்கிற கனவையே சிகரெட் கம்பெனி தயாரிச்சு வித்துட்டு இருக்கு, பாருங்க"ன்னு அவர் சுட்டிக்காட்டினாரு. எழுத்தை எடுத்ததும் அந்தக் கனவு இன்னும் பளிச்சுன்னு தெரியுதுங்கிறது உண்மை. ஆனா சங்கிலியைத் திரும்பப் பாருங்க. நிஜ ஆள் லாங். அவரை எடுத்தவர் மெக்கோம்ப். அதைப் பார்த்து ஏஜென்சி. ஏஜென்சிக்காக க்ரான்ட்ஸ். அவர்கிட்ட இருந்து பிரின்ஸ். ஒவ்வொரு கைமாத்தத்துலயும் முந்தின பேர் உதிர்ந்துடுச்சு. கிட்ல ஒவ்வொரு வரியையும் யார் எழுதினாங்கன்னு ஒரு கமாண்ட் போட்டுப் பார்க்கலாம். படங்களுக்கு அப்படி ஒண்ணு கிடையாது. யாராவது பேர் எழுதி வச்சாத்தான் உண்டு.

பேரையே தலைப்பா வச்சா

"அப்போ விளம்பரமும் கலையும் சேரவே கூடாதா?"ன்னு கேட்பீங்க. தாராளமா சேரலாம். 1980களோட நடுவுல அப்சல்யூட் வோட்கா கம்பெனி ஆண்டி வார்ஹோலையே கூப்பிட்டு தங்க பாட்டிலை வரைய வச்சாங்க. விளம்பரத்தோட தலைப்பே 'அப்சல்யூட் வார்ஹோல்'. அடுத்து கீத் ஹேரிங்கோட ஓவியம், அதுக்கும் அவர் பேர்லயே தலைப்பு. அப்புறம் அது பெரிய வரிசையாவே ஆயிடுச்சு. வார்ஹோல் பாணியில வேற யாரையாவது வச்சு மலிவா வரையச் சொல்லியிருக்கலாம். அவரையே கேட்டாங்க, காசு கொடுத்தாங்க, பேரைப் பெரிய எழுத்துல போட்டாங்க. வார்ஹோலே 1950கள்ல ஷூ விளம்பரங்களுக்குப் படம் வரைஞ்சு சம்பாதிச்சவர்தான். அவருக்கு இந்த ரெண்டு உலகமும் புதுசில்லை.

மூணு கேள்விக்கும் நல்ல பதில் இருக்கிற கேஸ் இது. ஆனா பதில் எல்லாம் சரியா இருந்தாலும் மனசுல ஒரு முள் நிக்கிற கதையும் ஒண்ணு இருக்கு.

ஒரு அப்பா, ஒரு மகன், ஒரு ஸ்வெட்டர் கம்பெனி

1990, அமெரிக்காவோட ஒஹையோ மாநிலம். தெரீஸ் ஃப்ரேர், போட்டோ ஜர்னலிசம் படிச்சிட்டு இருந்த மாணவி. எய்ட்ஸ் நோயாளிகளைக் கடைசி நாள்கள்ல பார்த்துக்கிற ஒரு இல்லத்துக்குப் போய்ட்டு இருந்தாங்க. அங்க டேவிட் கர்பிங்கிற எய்ட்ஸ் ஆக்டிவிஸ்ட். வயசு 32. தன்னைப் படம் எடுக்க அனுமதி கொடுத்தப்போ அவர் வச்ச நிபந்தனை: இதை வச்சு யாரும் தனக்குன்னு லாபம் பார்க்கக்கூடாது.

அவர் இறக்கிற நேரத்துல, அப்பா மகனோட தலையைப் பிடிச்சு அழறாரு. பக்கத்துல குடும்பம். ஃப்ரேர் அதை எடுத்தாங்க. கறுப்பு-வெள்ளைப் படம். அந்த வருஷம் நவம்பர்ல லைஃப்ல வந்துச்சு.

இத்தாலியில பெனட்டன் துணி கம்பெனிக்கு விளம்பரம் பண்ணிட்டு இருந்தவர் ஒலிவியெரோ டோஸ்கானி. அவரே போட்டோகிராஃபர். பெனட்டன் விளம்பரத்துல துணியையே காட்டாம, நிஜ உலகச் செய்திப் படங்களைப் போடுறதுன்னு முடிவெடுத்தவர். 1992ல கர்பி படத்தைக் கலர் ஏத்தி, ஓரத்துல பச்சை நிற லோகோவோட, உலகம் முழுக்க வெளியிட்டாங்க. குடும்பத்துக்கிட்ட கேட்டுத்தான் செஞ்சாங்க. ஃப்ரேரும் சம்மதிச்சாங்க.

பெரிய கொந்தளிப்பு. சில பத்திரிகைகள் விளம்பரத்தைப் போட மறுத்துச்சு. எய்ட்ஸ் அமைப்புகள்ல சிலர், "ஒரு சாவைக் காட்டி ஸ்வெட்டர் விக்கிறாங்க"ன்னு பெனட்டனைப் புறக்கணிக்கச் சொன்னாங்க. டேவிட்டோட அப்பா அம்மா பார்வை வேற. பெனட்டன் தங்களைப் பயன்படுத்தல, தாங்கதான் பெனட்டனைப் பயன்படுத்துறோம்னு அவங்க சொன்னாங்க. எய்ட்ஸ்னாலே ஜனங்க முகத்தைத் திருப்பிக்கிட்ட காலம் அது. லைஃப் வாசகர்களைத் தாண்டி, பஸ் ஸ்டாண்ட் போர்டு பார்க்கிறவங்க வரைக்கும் தங்க மகனோட முகம் போகணும்னு அவங்க நினைச்சாங்க.

நான் இந்தக் கேஸைப் பல நாள் யோசிச்சேன். டேவிட் வச்ச நிபந்தனையை எடுத்துப் பார்த்தா, ஒரு துணி கம்பெனியோட லோகோ அதுல ஒட்டவே ஒட்டாது. குடும்பத்தோட முடிவைப் பார்த்தா, அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனா ஒரு வித்தியாசம் தெளிவா தெரியுது. இங்க சண்டை முழுக்க வெளிச்சத்துல நடந்துச்சு. படம் யாரோடது, படத்துல இருக்கிறது யாரு, சம்மதம் கொடுத்தது யாரு, எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் அந்த அப்பாவால பதில் சொல்லவே முடிஞ்சுது. லெனர்ட் மெக்கோம்ப் படத்துல இருந்த கௌபாய் லாங்கை யாரும் அப்படிக் கேட்ட மாதிரி தெரியல.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

"இதுக்கெல்லாம் காப்பிரைட் இருக்கே"ன்னு தோணும். ஓரளவுக்குத்தான். பல நாட்டுச் சட்டங்களோட அடிப்படை ஒண்ணுதான்: ஐடியாவுக்கு உரிமை கிடையாது, அதை வெளிப்படுத்தின வடிவத்துக்குத்தான் உரிமை. நம்ம ஊர்ல இதுக்கு எடுத்துக்காட்டா சொல்ற தீர்ப்பு 1978ல உச்ச நீதிமன்றம் கொடுத்தது. ஆர்.ஜி. ஆனந்துங்கிற நாடக ஆசிரியர், 'நியூ டெல்லி'ங்கிற இந்திப் படம் தன்னோட 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தோட காப்பின்னு வழக்கு போட்டாரு. ரெண்டுமே பஞ்சாபிக் குடும்பம், தமிழ்க் குடும்பம், நடுவுல காதல்னு மாநில வெறியைப் பத்தினதுதான். நீதிமன்றம், பொதுவான கருவுக்கு உரிமை கோர முடியாது, பார்க்கிறவருக்கு இது அதோட நகல்னு தெளிவா தோணணும்னு சொல்லிடுச்சு. ஆனந்த் தோத்தாரு.

இந்த விதி தேவையானதுதான். ஐடியாவையே பூட்டி வச்சா எவனாலயும் எதுவும் செய்ய முடியாது. நம்ம தொழிலே நின்னுடும்.

அதே இந்தியச் சட்டத்துல, 1957ஆம் வருஷ காப்பிரைட் சட்டத்தோட 57ஆவது பிரிவுல, இன்னொரு உரிமையும் இருக்கு. படைப்போட உரிமையை வித்த பிறகும், "இதைச் செஞ்சது நான்"னு சொல்லிக்கிற உரிமை படைச்சவர்கிட்டயே இருக்கும். அவர் பேரைக் கெடுக்கிற மாதிரி அதைச் சிதைச்சா எதிர்க்கவும் முடியும். பணமும் பேரும் ரெண்டு தனி விஷயம்னு சட்டமே ஒத்துக்குது. ஓப்பன் சோர்ஸ்ல இருக்கிறவங்களுக்கு இது பழக்கம். எம்ஐடி லைசென்ஸ்ல கோடை எடுத்துக்கோ, மாத்து, வித்துக்கூடக்கோ, ஆனா அந்தப் பேரும் லைசென்ஸ் வரிகளும் கூடவே போகணும்.

ஏஜென்சில, டிசைன் டீம்ல, யூட்யூப் சேனல்ல வேலை பார்க்கிற நிறையப் பேர் இதைக் கேக்கிறீங்கன்னு தெரியும். உங்களுக்கு நான் சொல்றது சின்ன விஷயம்தான். அடுத்த மூட்போர்ட்ல ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் எடுத்தவர் பேர், வருஷம், எதுக்காக எடுத்தாங்கன்னு ஒரு வரி. இந்த மூணாவதுதான் முக்கியம். 'பொருட்கள் போகிற போக்கு' சொதப்பலைப் பத்தின படம்னு பலகையிலயே எழுதியிருந்தா, "நாம இதுல இருந்து எதை எடுக்கிறோம், எதை விடுறோம்"னு அந்த ரூம்ல யாராவது ஒருத்தராவது கேட்பாங்க. அப்படிக் கேட்டா, சில சமயம் அந்த ஆர்ட்டிஸ்டையே கூப்பிடலாமேன்னு தோணும். சில சமயம் வேற ஐடியா பிறக்கும். அவர் "முடியாது"ன்னு சொன்னா, அதையும் ப்ரீஃபோட ஒரு பகுதியா எடுத்துக்கிட்டு அங்கிருந்து யோசிக்கலாம்.

கிளையன்ட் அவசரம், நாளைக்கு பிட்ச், இதுக்கெல்லாம் எங்க நேரம்னு கேட்பீங்க. ஒரு படத்தை ரிவர்ஸ் இமேஜ் சர்ச்ல போட்டு எடுத்தவர் பேரைத் தேட பெரும்பாலும் சில நிமிஷம்தான் ஆகும்.

இன்னைக்குச் சொன்ன வேலைகள்ல முதல்ல எதைப் பார்க்கலாம்னு கேட்டா, ஃபிஷ்லி-வைஸோட அந்த 30 நிமிஷப் படத்தைப் பாருங்க. அப்புறம் ஹோண்டா விளம்பரம். அதே வரிசையில. பார்த்துட்டு, எது உங்க மனசுல ரொம்ப நேரம் நின்னுச்சுன்னு எனக்கு எழுதுங்க. ஹோண்டான்னு சொன்னாலும் கோவிச்சுக்க மாட்டேன், ஏன்னு மட்டும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.